தாய்வீட்டுக்குப் போன அறுபது சென்ட்

முதலில் கேட்டது சத்தம்தான். ஊர் அகலத்துக்கு ஒரு பாயை யாரோ இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி உதறுவது மாதிரி ஒரு சத்தம், மறுபடியும் ஒரு உதறல், அப்புறம் சுருட்டுகிற சரசரப்பு, அப்புறம் ஈரக்காலோடு ஆள் நடந்து போவது போலத் தொப்புத் தொப்பென்று வண்டிப்பாதை நெடுகத் தேய்ந்துபோன ஓசை. மாசி மாதத்துச் சனிக்கிழமை, கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வாசலுக்குச் சாணி கரைத்துக்கொண்டிருந்த விருமாயி கையை நிறுத்தாமலே, பக்கத்துத் தெரு காமுத்தாயி வீட்டில் என்ன இம்புட்டு வெள்ளனப் பாய் உதறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாசல் தெளித்து, கோலம் என்று பேருக்கு நாலு இழுப்பு இழுத்து, பழகிப்போன கால் இழுத்த இழுப்பில் பூக்கூடையை இடுப்பில் இடுக்கி, பூச்செடி ஒன்றுகூட இல்லாத தன் மல்லிகைத் தோட்டத்துக்கு நடந்து போனாள். போய்ப் பார்த்தால், தோட்டம் இருந்த இடத்தில் தோட்டம் இல்லை.

வேலி இருந்தது. படல் கட்டினது கட்டினபடி இருந்தது. கிணறும் மோட்டார் ரூமும் வரப்போரத்து வேம்பும் அங்கங்கே நின்றன. நடுவில் அறுபது சென்ட் அளவுக்கு, முழங்கால் ஆழத்தில், தோலுரித்த மாதிரி வெள்ளை வெளேரென்று சுக்கான் பாறை கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி நின்று, எதைக் கிளறுவது என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கியபடி யோசித்துக்கொண்டிருந்தது.

படலுக்கு வெளியே வண்டிப்பாதையில், ஓட்டை மூட்டையிலிருந்து அரிசி சிந்துவது போல ஈர மண் சிந்திச் சிந்திப் போயிருந்தது. விருமாயி அதன் பின்னாலேயே போனாள். புளியமரங்களைத் தாண்டி, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டி, கண்மாய்க் கரை ஏறி உள்ளே எட்டிப் பார்த்தால், தண்ணீர் வற்றி விலகிய மேட்டில் அவளுடைய மண் கைகாலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவள் மண் அவளுக்குத் தெரியாதா? நேற்றுத்தான் மல்லிகைத் தூர்களைப் பிடுங்கிய குழிகள் அப்படியே இருந்தன, அவளுடைய உடைந்த வளையல் துண்டுகள் இருந்தன, தவசி மருந்தடித்துவிட்டு எறிந்த பாட்டில் மூடிகள் இருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"என்னங்க, நம்ம தோட்டம் கண்மாய்க்குள்ள போய்ப் படுத்துருக்கு."

தவசி அவள் புருஷன். இருபத்தெட்டு வருசம் மருந்து டப்பாவை முதுகில் சுமந்ததில் இரண்டு முழங்காலும் போய், கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தவன், திருகினபடியே கேட்டான்.

"எந்தத் தோட்டம்?"

"நமக்கு என்ன ஏழு தோட்டமா இருக்கு?"

அவன் ரேடியோவை அணைத்தான். "நீ அதை ஏதும் சொன்னியா?"

சொல்லித்தான் இருந்தாள். இருபத்தெட்டு வருசமாக ஒரே மண்ணில் மல்லிகை; இரண்டாம் தரம் வைத்த செடிக்கே பதினாலு வருசம். மூன்று வருசமாக மொட்டு சிறுத்துச் சிறுத்து, கம்பு மணி மாதிரி ஆகிவிட்டது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாகப் புழு. நாற்றுப் பண்ணைக்காரர் வந்து ஒரு கைப்பிடி மண்ணை மோந்து பார்த்துவிட்டு, இதுக்கு உரமும் வேணாம் மருந்தும் வேணாம், எல்லாத்தையும் பிடுங்கிப்புட்டு ஒரு வருசம் சும்மா போடுங்க, மண்ணும் தேறும், உங்களுக்கும் பாடு குறையும் என்று சொல்லிப் போனார். தவசியால் குனிய முடியாது. மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். அறுபது சென்ட்டையும் விருமாயி ஒருத்தியே விடியுமுன் பறிக்கிறாள், களை எடுக்கிறாள், மடை திருப்புகிறாள். சரி என்று வெள்ளிக்கிழமை டிராக்டர் வைத்துத் தூரைப் பிடுங்கினார்கள். கடைசித் தூர் வந்து விழுந்ததும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெற்று நிலத்தைப் பார்த்து அவள் சொன்னாள்: "போ. எங்கிட்டாவது போய்ப் படு."

"போன்னா சொன்ன?" தவசி நெற்றியில் அடித்துக்கொண்டான். "போன்னு மொட்டையாவா சொன்ன?"

அந்த ஊரில் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகிறவள்கூட 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்லிப் போவாள். சண்டைபோட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறவன்கூட, தெருமுனை திரும்புமுன் 'வாரேன்டா' என்று ஒரு வார்த்தையை எறிந்துவிட்டுத்தான் போவான். விருமாயியும் தன் வாழ்நாளில் ஒரு ஆளிடம் 'போ' என்று வெறுமனே சொன்னதில்லை. மண்தானே என்று சொல்லிவிட்டாள்.

உச்சி வெயிலுக்குள் ஊரே கண்மாய்க் கரையில் நின்றது. இது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இனி என்ன முறை என்றுதான் கேட்டார்கள். மடை திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி மொக்கைச்சாமி, தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இது இங்கத்தப் பிள்ளைதாப்பா. தவசி அப்பன் காலத்துல அந்த நிலம் வெறும் சுக்கான் பாறை. இருநூறு வண்டி கரம்பை மண்ணு இந்தக் கண்மாயிலேருந்துதான் போச்சு. எங்கய்யாதான் நின்னு வெட்டிக் குடுத்தாரு. இப்ப அலுப்பா இருக்குன்னு பிறந்த வீட்டுக்கு வந்துருக்கு. இதுல என்ன அதிசயம்?"

அவ்வளவுதான், எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. பிறந்த வீட்டுக்கு வந்த பிள்ளையை மறுநாளே விரட்டுவது முறையில்லை என்று பெண்கள் சொன்னார்கள். புருஷன் வீட்டு ஆள் தட்டோடு வந்து முறையாக அழைக்க வேண்டும் என்று ஆண்கள் சொன்னார்கள். மொக்கைச்சாமி மட்டும் விருமாயியைத் தனியாகக் கூப்பிட்டு, "மதினி, ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. ஐப்பசி மழைக்கு முந்திக் கூட்டிட்டுப் போயிருங்க. தண்ணி ஏறுச்சுன்னா கரைஞ்சு கண்மாய் மண்ணோட மண்ணாயிரும். அப்புறம் உங்க மண்ணு எது, எங்க மண்ணு எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது" என்றார்.

அன்றிலிருந்து விருமாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியுமுன் விழிப்பு வந்துவிடும், விரல்கள் அவளுக்கு முன்னால் எழுந்துவிடும். போர்வையில் அச்சடித்திருந்த பூக்களைப் படுத்தபடியே நகத்தால் கிள்ளிக் கிள்ளி, பங்குனி முடிவதற்குள் அந்தப் போர்வை ஒரு பூ இல்லாமல் வெள்ளையாகிவிட்டது. தவசியின் சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அடுத்த வீட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்து கொடுத்தாள், எதிர் வீட்டுக் கடலையை உரித்துக் கொடுத்தாள், டீக்கடையில் போய் வெங்காயம் உரிக்கவா என்று கேட்டாள். ஒரு நாளைக்கு நாலு தரம் பாறையைப் போய்ப் பார்த்தாள், ஐந்து தரம் கண்மாயைப் போய்ப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் அவள் நடந்த தடத்தில் புல் முளைக்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் புதிதாக வந்த இளவயதுக்காரர், நல்ல மனுஷன். நீர்நிலைப் புறம்போக்கைப் பட்டா நிலம் ஒன்று தானே வந்து ஆக்கிரமித்துள்ளது என்று எழுதினால் மேலே சிரிப்பார்கள், எழுதாமல் விட்டாலோ நாளைக்குக் கேள்வி வரும் என்று தவித்து, கடைசியில் ஒரு நோட்டீஸ் தயார் செய்து தலையாரியிடம் கொடுத்தார்.

"யாரு பேருக்கு சார்?" என்றார் தலையாரி.

"சர்வே நம்பர் பேருக்குத்தான்."

"கையெழுத்து போடுமா சார்?"

"கல்லை வச்சுட்டு வாய்யா."

தலையாரி நோட்டீஸை மண்ணின்மேல் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் போனபோது தாளைக் கரையான் தின்று முடித்திருந்தது. கரையான் வந்துவிட்டதா என்று விருமாயி கேட்டுச் சந்தோஷப்பட்டாள். பதினாலு வருசமாக அந்த மண்ணில் கரையான்கூட வாழ்ந்ததில்லை.

வைகாசியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு மஞ்சள் தேங்காய் வைத்து, இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தவசி கண்மாய்க்குள் இறங்கினான். "வா தாயி, கோவிச்சுக்காத. வீட்டுக்குப் போவோம்" என்று மூன்று தரம் கூப்பிட்டான். மண் அசையவில்லை. பிறந்த வீட்டு ஆளாக மொக்கைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, என்ன குறைன்னு முதல்ல கேளுங்க."

"என்ன குறை வச்சேன்?" தவசிக்கு ரோசம் வந்துவிட்டது. "யூரியா போட்டேன், பொட்டாஷ் போட்டேன், வாரம் தப்பாம மருந்து அடிச்சேன். என் முட்டியவே குடுத்தேன்யா."

"எல்லாம் போட்டீக. இல்லைங்கல. படுக்க விட்டீகளா?"

"அதுக்குத்தானய்யா ஒரு வருசம் சும்மா கிடன்னு விட்டோம்!"

"அப்ப சும்மாதான கிடக்கு. அங்கிட்டுக் கிடந்தா என்ன, இங்கிட்டுக் கிடந்தா என்ன?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தவசி தேங்காயை அங்கேயே உடைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கைத்தாங்கலாகத் திரும்பி வந்தான்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. பக்கத்துத் தெரு காமுத்தாயி, விறகு பொறுக்கிக்கொண்டு வந்தவள், ஒரு மத்தியானம் அந்த மண்ணில் கட்டை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். அப்பன் ஆத்தா செத்து, அண்ணன் தம்பிகள் வீட்டைக் கூறு போட்டு, பன்னிரண்டு வருசமாக அவளுக்குப் போக ஒரு தாய்வீடு கிடையாது. உட்கார்ந்தவள் சாய்ந்தாள், சாய்ந்தவள் தூங்கிவிட்டாள். ஆடுகள் அடையத் திரும்புகிற நேரத்துக்குத்தான் எழுந்தாள். ஊருக்குள் வந்து சொன்னாள்: "என்னமோ போடி, எந்திரின்னு ஒருத்தரும் சொல்லல."

மறுநாள் ஏழு பேர் போனார்கள். ஆனி பிறப்பதற்குள் மத்தியானம் ஆனால் ஊரில் பெண்களைக் காணவில்லை. அண்ணன் பெண்டாட்டி வாசலில் நின்று மறித்ததால் திரும்பி வந்தவர்கள், தாய்வீடு தூரமாகப் போய்விட்டவர்கள், தாய்வீடு இருந்தும் போக நேரம் இல்லாதவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு சாக்கை விரித்துப் படுத்தார்கள். அங்கே படுத்தபடி இன்றைக்கு என்ன குழம்பு என்று யாரும் பேசக்கூடாது என்பது அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம். கஞ்சி நேரத்துக்கு வரவில்லை என்று ஆண்கள் முணுமுணுத்துவிட்டு, அப்படி என்னதான் இருக்கிறது என்று தாங்களும் போய்ப் படுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது வெறும் கட்டாந்தரையாகவே இருந்தது. மாமனார் வீட்டில் படுத்த மாப்பிள்ளைகள் மாதிரி அரை மணிக்கொரு தரம் எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, கடைசியில் கிளம்பிப் போனார்கள்.

விருமாயி மட்டும் படுக்கவில்லை. மண்ணின் ஓரத்தில் வந்து நிற்பாள். அவள் தலை தெரிந்ததும் படுத்திருந்த பெண்கள் மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்காருவார்கள், மாமியார் வந்தது போல. அவளுக்கு அது முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் கறுத்துவிட்டது.

"நீயும் வந்து செத்த சாயேன்டி" என்றாள் காமுத்தாயி. "நின்னுக்கிட்டே இருந்தா காலு ஆணியடிச்சிரும்."

"எனக்குப் படுக்க வராது."

"தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுல எத்தனை நாள் இருந்த?"

"போகல."

"என்னது, போகலையா?"

"சித்திரை மாசம். பூக் கொட்டுற நேரம். எங்கம்மா வண்டியோட வந்து வாசல்ல நின்னுச்சு. சீசன் முடியட்டும்னு எங்க மாமியா சொல்லுச்சு. நானும் சரின்னேன். செவ்வாக்கிழமை பிள்ளை பிறந்துச்சு, மறு செவ்வா செடி நெரையில நின்னு பறிச்சேன்." யாரோ கேட்டதற்குப் பதில் போல, "அந்த மாசம் மொட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

விருமாயியின் விரல்கள் முந்தானை ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

ஆவணியில் அந்த மண்ணின்மேல் யாரும் விதைக்காமல் கொழுஞ்சி முளைத்தது. நரிப்பயறு கொடி ஓடியது. பாட்டில் மூடிகளையெல்லாம் மண் தானே மேலே தள்ளி, ஓரமாக ஒதுக்கி வைத்தது, பந்தியில் எலும்பை ஒதுக்குவது போல. புரட்டாசியில் ஒரு கை அள்ளிப் பார்த்தால் நாலு மண்புழு நெளிந்தது. தேறுகிறது, பிள்ளை தேறுகிறது என்று ஊர் பேசிக்கொண்டது. தேறத் தேற விருமாயிக்குப் பயம் கூடியது. மேற்கே மின்னல் வெட்டினால் எழுந்து கண்மாய்க்கு ஓடினாள். இந்த அறுபது சென்ட் போனால் அவளுக்கு வேறு மண் இல்லை, வேறு வேலை தெரியாது, வேறு ஆளாக இருக்கவும் தெரியாது. கூப்பிட்டுப் பார் என்றான் தவசி. நீதானே போ என்றாய், நீயே வா என்று சொல் என்றான். இன்றைக்கு, நாளைக்கு, வெள்ளிக்கிழமை, பிரதோஷம் கழியட்டும் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கூப்பிட்டும் வராவிட்டால் என்ன செய்வது என்கிற கேள்வியை அவளால் தாண்ட முடியவில்லை.

ஐப்பசி எட்டாம் தேதி பகல் ஒரு மணிக்கு மொக்கைச்சாமி சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். மேலக் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்கிறது, பொழுது சாயுமுன் தண்ணீர் இங்கே வந்துவிடும். ஊரே கரைக்கு ஓடியது. படுத்திருந்த பெண்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கரையேறினார்கள். விருமாயி தாம்பாளத்தோடு உள்ளே இறங்கினாள்.

நடு மண்ணில் போய் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அதைத் தொடுவது இதுதான் முதல் தரம். விரலை விட்டாள், விரல் முழுக்க உள்ளே போனது. குளிர்ச்சியாக, பிட்டு மாவு மாதிரி பொலபொலவென்று, கீழே எங்கோ மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, அந்த மண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குமே, அந்தத் தூக்கம்.

"கூப்பிடுடி!" என்று கரையிலிருந்து தவசி கத்தினான். "மழை பிடிச்சிரும், வான்னு சொல்லு!"

"சொல்லுங்க மதினி, வெரசா!" என்றார் மொக்கைச்சாமி.

விருமாயி வாயைத் திறந்தாள். வா என்கிற அந்த ஒரு எழுத்து நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குத் தன் அம்மா வண்டியோடு வாசலில் நின்ற நிற்பு தெரிந்தது, மாட்டின் கழுத்து மணி கேட்டது, சரி என்று சொன்ன தன் குரலும் கேட்டது. குனிந்து, காதில் சொல்வது போல மண்ணிடம் கேட்டாள்.

"தூக்கம் பத்துச்சா?"

மண் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"பத்தலைன்னா இரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தாம்பாளத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு கரையேறினாள்.

"அடிப்பாவி, கூப்பிடச் சொன்னா இருக்கச் சொல்லிட்டு வாராளே!" என்று யாரோ வாயில் கையை வைத்தார்கள். தவசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். காமுத்தாயி மட்டும் அவள் பக்கத்தில் வந்து நடந்தாள். அவர்கள் புளியமரங்களைத் தாண்டும்போது, பின்னால் செந்நுரையோடு தண்ணீர் கண்மாய்க்குள் இறங்குகிற இரைச்சல் கேட்டது. விருமாயி திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் படுத்தவள் அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டாள். ஊருக்குத்தான் அன்றைக்குத் தூக்கமில்லை.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நேரம் தூங்கியதில்லை. தெருவில் ஆள் ஓடுகிற சத்தம். விருமாயி முகம் கழுவிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். படலுக்கு வெளியே ஒரு கூட்டம். உள்ளே, பாறை கிடந்த பள்ளத்தில், கன்னங்கரேலென்று ஈர மண் வந்து படுத்திருந்தது. அதில் நத்தைகள் ஊர்ந்தன. தூர்க் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளின. பின்னாலேயே வந்த இரண்டு கொக்குகள், ஊர் புதிது என்பதால் வரப்பில் ஒதுங்கி நின்றன.

தெற்குப் பக்கம் மட்டும் இன்னும் பாறையாகவே இருந்தது. அலுவலர் சங்கிலி பிடித்து அளந்து, இரண்டு தரம் அளந்து, நாற்பது சென்ட் என்றார். பட்டாவில் அறுபது இருக்கிறதே என்று பேனாவைக் கடித்தார். காமுத்தாயியும் மற்ற பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வராத இருபது சென்ட் அவர்கள் சாக்கு விரித்துப் படுத்த பக்கம்.

"மிச்சம் இருபது எங்கடி?" தவசி வேம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாளைக்கே நான் போய்க் கூப்பிடுறேன்."

"வேணாம்."

"என்ன வேணாம்? தண்ணிக்குள்ள கிடக்குதுல்ல!"

"எந்தப் பொம்பளை முழுசாத் திரும்பி வந்துருக்கா?" என்றாள் விருமாயி. "வந்த வரைக்கும் போதும். நாற்பதுதான் என் இடுப்பும் தாங்கும்."

பெண்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஆண்களும் கொஞ்சம் சேர்ந்து சிரித்தார்கள். தை வரைக்கும் இதில் ஒரு நாற்றும் வைக்கப் போவதில்லை, ஒரு டப்பா மருந்தும் உள்ளே வரக்கூடாது என்று அவள் சொன்னதற்கு, தவசி தலையை ஆட்டினான். சரி என்கிறானா, முட்டி வலிக்கிறதா என்று தெரியவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது.

வடக்கு ஓரத்தில், கண்மாயிலிருந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்த கோரை நாலைந்து இடத்தில் தலைநீட்டியிருந்தது. இப்போது விட்டால் மழைக்கு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். விருமாயி சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, ஈரத்தில் குந்தி உட்கார்ந்து, கிழங்கு அறுந்துவிடாமல் முதல் கோரையை மெதுவாக ஆட்டி ஆட்டி இழுத்தாள்.

"காப்பித்தண்ணி ஆறுதுடி" என்று படலுக்கு அப்பாலிருந்து தவசி கூப்பிட்டான்.

"ஆறட்டும்" என்றாள். பிடுங்கியதை மண் உதறி வரப்பில் போட்டுவிட்டு, ஒரு எட்டு நகர்ந்து அடுத்ததைப் பிடித்தாள்.